மீதம் 62,418

ஜுபைல். காலை ஏழரைக்கே
கண்ணாடியில் ஈரம், கந்தக வாடை.
டைம்கீப்பர் தாசையனின் புகார், எண் 4471:
தேடினால் எதுவும் வரவில்லை.

அவர் எதிரிலேயே தட்டிப் பார்த்தேன்.
சாரம் என்று அடித்தேன்.
சாரம் கட்டும் கம்பெனியில்
ஒரு கடிதத்திலும் சாரம் இல்லையாம்.
அவர் பெயரையே அடித்தேன்.
பதினாறு வருடம் அந்தப் பெயருக்கு வந்த கடிதங்களை
மடியில் வைத்துக்கொண்டு
பொருத்தம் எதுவும் இல்லை என்றது திரை,
கூச்சமே இல்லாமல்.

"எல்லாம் போயிட்டா மக்கா?"

போகவில்லை.
கடிதங்கள் அங்கேயேதான் இருக்கின்றன,
பத்தொன்பது ஜிபி, ஒரு கமா குறையாமல்.
எது எங்கே என்று குறித்துவைத்த பட்டியல்தான் கெட்டது,
போன மாதம் கரண்ட் போய்ப் போய் வந்ததே, அன்றைக்கு.

அவர் தலையாட்டவில்லை.
வாய்க்குள் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார்.
இருபத்தொன்பதாம் தேதி ஃபைனல் எக்ஸிட்.
மனிதவளத்து இர்ஷாத் சொல்கிறான்,
கிராஜுவிட்டி 2013 முதல்தான்,
கம்பெனி பெயர் மாறிய நாளிலிருந்து.
இல்லை, 2009 முதல் என்று
வக்தி சார் எழுதித் தந்திருக்கிறார்.
வக்தி சார் அலெக்ஸாண்ட்ரியா போய் ஆறு வருடம்.
போனை யாரோ ஒரு பெண் எடுத்து அரபியில் அழுகிறாள்.
மூன்று ராத்திரி கையாலேயே உருட்டிப் பார்த்தாராம்.
விரல் மரத்து
2019 வரைதான் போக முடிந்தது.

பழைய பட்டியலை அழித்தேன்.
மறுபடி கட்டச் சொன்னேன்.
மீதம் 62,418.
ஐந்து நிமிடம் கழித்து 62,390.
அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
நீங்கள் ஏதோ செய்துகொண்டிருப்பதால்
வேகம் குறைக்கப்பட்டுள்ளது.

"நான் ஒண்ணும் செய்யல்லியே" என்றார்,
மவுஸ் மேல் கையை வைத்துக்கொண்டே.

எடுங்க அண்ணாச்சி.

எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல்
இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்,
பரீட்சை ஹாலில் பேப்பருக்குக் காத்திருப்பவனைப் போல.
நானும் கட்டிக்கொண்டேன்.
ஏசி மட்டும் வேலை பார்த்தது.
ஆயிரம் பேர் வந்ததையும் போனதையும் குறித்தவர்
ஒரு எண் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

41,006.
லுஹர் தொழுகைக்கு ஆபீஸ் காலியானது.
41,052.
ஏன் ஏறுகிறது என்று என்னைப் பார்த்தார்.
புது மெயில் வந்திருக்கும் என்றேன்.
உண்மையில் எனக்குத் தெரியாது.
குபூஸும் பருப்பும் வந்தது. சாப்பிட்டோம்.
9,700.
எண்ணெய்க் கையோடு எழுந்து போகாமல்
அப்படியே உட்கார்ந்திருந்தார்.
மீதம் 0.

கிராஜுவிட்டி என்று ஒற்றை விரலால் அடித்தார்.
இருநூற்றுப் பதினொன்று.
எல்லாம் வேறு யார் யாருடையதோ.
வக்தி பெயரையும் சேர்த்து அடித்தார்.
பொருத்தம் எதுவும் இல்லை.
காலையில் அது சொன்னது பொய்.
இப்போது பொய் இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

என்னிடம் வேறு வித்தை இல்லை.
பெட்டியைப் பூட்டப் போனேன்.
"நில்லு, அந்த மனுசனுக்கு ஸ்பெல்லிங் வராது."
வார்த்தையை அழித்துவிட்டு
வக்தி, 2009 என்று மட்டும் அடித்தார்.
பதினேழு வந்தது. பதினான்காவதைத் திறந்தார்.

டியர் தசயான்,
உங்கள் கிராட்டிட்யூட் 2009 மார்ச்சிலிருந்து
முழுதாகக் கணக்கிடப்படும். கவலை வேண்டாம்.

பணிக்கொடை என்று எழுத வேண்டிய இடத்தில்
நன்றி என்று எழுதியிருக்கிறார் மனிதர்.

இர்ஷாத் இதை ஏற்பானா, தெரியவில்லை.
மூன்று பிரதி எடுத்தோம்.
மூன்றாவதில் மை மங்கல்.
புகார் 4471ஐ மூடக் காரணம் கேட்டது:
பயனர் தவறு, மென்பொருள் கோளாறு, மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.

கதவருகே திரும்பிப் பார்த்தபோது
அவர் தன் பெயரை அடித்துக்கொண்டிருந்தார்,
சரியான எழுத்தில்.
58,903.
ம், என்றார்.
கையைத் துடைக்கப் போனார்.